கடகப்பெட்டி மேகம்

அந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் சார். மேலே ஒரு கொக்கி இருக்கும், அதில் மாட்டினால் நிற்கும். மாட்டிவிட்டீர்களா? சரி. இப்போது மேற்கே பாருங்கள். மேகம் தெரிகிறதா? எப்படிப்பட்ட மேகம்?

கறுப்பாக இருக்கிறது என்கிறீர்கள். கறுப்பில் எத்தனை கறுப்பு இருக்கிறது சார். எருமையும் கறுப்பு, கரிச்சட்டியும் கறுப்பு. விடுங்கள். உங்களிடம் கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் கிடையாது. அரை மணி நேரமாகக் கூட்ஸ் வண்டி ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. சிக்னல் விழவில்லையாம். கேட்டும் திறக்காது, பஸ்ஸும் நகராது. இறங்கிப் போகலாம் என்றால் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கிறது. இந்த நிலைமையில் யாருக்குத்தான் வாய் நீளாது.

நீயே குனிந்து பார்க்க வேண்டியதுதானே என்று நினைக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். முப்பது வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

போன் அடிக்கிறது, ஆமாம். அடிக்கட்டும். எடுத்தால் பதில் சொல்ல வேண்டும்.

என் பெயர் அய்யலுச்சாமி. விளாத்திகுளத்துப் பக்கம் சூரங்காட்டுப்பட்டி. இங்கிருந்து நேர் கிழக்கே முப்பது கிலோமீட்டர். கரிசல் காடு, மிளகாய் வத்தல் ஊர். மாசி, பங்குனி, சித்திரை, இந்த மூன்று மாசமும் ஊர்க் களம் முழுக்கப் பழம் காயும். மேலே இருந்து பார்த்தால் யாரோ சிவப்புச் சேலையை உதறிப் போட்டது மாதிரி இருக்கும் என்பாள் என் வீட்டுக்காரி. மேலே இருந்து என்றால் எங்கள் வீட்டு மாடியில் இருந்து. நான் அந்த மாடி ஏறி எட்டு வருஷம் ஆகிறது.

பதினாலு வயதில் மூட்டை தூக்கப் போனேன் சார். வத்தல் மூட்டை கனம் கம்மி, ஆனால் ஆளை விடப் பெரிசு. கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்து வைத்துக்கொண்டுதான் தூக்க முடியும். பதினாறு வருஷம் அப்படி ஒடித்தேன். பள்ளிக்கூடம் போகவில்லை, எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாகத் தரகு கற்றுக்கொண்டேன். துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கு அடியில் எதிராளி விரலைப் பிடித்து விலை பேசுவோம் இல்லையா, அதில் என் விரலை ஜெயித்த வியாபாரி இந்த ஜில்லாவில் கிடையாது. விரல் வியர்த்தால் அவனுக்கு அவசரம். விரல் காய்ந்திருந்தால் வேறு இடத்தில் விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறான். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் ஊரில் எனக்குப் பெயர் தரகால் வரவில்லை. மழையால் வந்தது.

மிளகாய்ப் பழம் காய ஆறு நாள், ஏழு நாள் வெயில் வேண்டும். நடுவில் ஒரு மழை அடித்தால் போச்சு, வெளுத்துவிடும். வெளுத்த வத்தலை நாய் கூட மோந்து பார்க்காது. சரி, மழை வரும் என்று பயந்து கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா? மூடினால் உள்ளே புழுங்கும். புழுங்கினாலும் வெளுக்கும். அதனால் வருமா வராதா என்று யாராவது ஒருத்தன் அடித்துச் சொல்ல வேண்டும். ரேடியோவில் என்ன சொல்கிறான்? தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். எந்த ஓரிரு இடம்? ஒரு மூட்டை என்ன விலை என்று கேட்டால், ஓரிரு விலைகளில் கிடைக்கக்கூடும் என்று நான் சொன்னால் என்னைத் தரகன் என்று எவன் மதிப்பான்? செல்போனில் படம் காட்டுகிறான், மேகத்துக்குக் கீழே மூன்று சொட்டு. அந்த மூன்று சொட்டும் என் களத்தில் விழுமா, பக்கத்து ஊர்க் கண்மாயில் விழுமா என்று அதற்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு மாசி மாசம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் வாசலில் நின்று போனில் ஒரு வியாபாரியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி மாடியில் காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். வந்தவள், ‘களத்துல எல்லாத்தையும் அள்ளச் சொல்லுங்க’ என்றாள். அதே சமயம் எனக்கும் மனசில் அப்படித்தான் பட்டது. தெருவில் இறங்கி ஒரு சத்தம் போட்டேன். அள்ளினார்கள். ரெண்டு மணி நேரத்தில் கொட்டியது பாருங்கள், சுத்துப்பட்டு எட்டு ஊர் வத்தலும் போச்சு, எங்கள் ஊர் வத்தல் மட்டும் நெருப்பு மாதிரி நின்றது. அன்றைக்கு எனக்கு மாலை போட்டார்கள் சார். சும்மா சொல்லவில்லை, கோயில் மாலை.

அதிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். தினமும் காலை ஆறு மணிக்கு நான் குரலில் சொல்வேன். இன்றைக்குக் காயப் போடு, மூன்று மணிக்குள் அள்ளு, நாளைக்குப் போடாதே. எல்லாம் அடித்துச் சொல்வதுதான். ஓரிரு இடம் என்ற பேச்சே கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றால், அது ஒரு அனுபவம். காலையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். அவள் மாடியில் கோலமாவு அரிசியைக் காயப் போட்டுவிட்டு, கொடியில் துணியை உதறிப் போட்டுவிட்டு வருவாள். வரும்போது ஏதாவது முனகிக்கொண்டே வருவாள். இன்றைக்கு இட்லி என்பாள். பலகாரத்தைச் சொல்லவில்லை சார், மேகத்தைச் சொல்கிறாள். அடி தட்டையாக, மேலே லேசாக உப்பி, தட்டில் ஊற்றி வைத்த மாதிரி வரிசையாக நின்றால் அது இட்லி மேகம், ஒன்றும் செய்யாது என்பாள். உசரத்தில் நரைத்த மயிரை வாரிவிட்ட மாதிரி இருந்தால் சீப்பு மேகம். சூரியனைச் சுத்தி வட்டம் போட்டு லேசாக மூடினால் பாலாடை. அயிலைமீன் செதிள் என்று ஒன்று சொல்வாள். எல்லாம் அடுப்படிப் பேச்சு. பெண்பிள்ளைகளுக்கு வேறு என்ன தெரியும். ஒன்று சொல்வாள் பாருங்கள், கடகப்பெட்டி மேகம். இட்லி மாதிரி ஆரம்பித்தது மத்தியானத்துக்குள் கோபுரமாக வளர்ந்து, உச்சியில் போய் முட்டி, அதற்கு மேல் போக இடம் இல்லாமல் பக்கவாட்டில் பரந்து நிற்குமாம். தலையில் பெரிய ஓலைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒருத்தி நிற்கிற மாதிரி. அவள் வந்தால் இறக்கி வைக்காமல் போக மாட்டாள் என்பாள்.

இதை எல்லாம் காதில் வாங்கிக்கொள்வேன். வாங்கிக்கொண்டு என் புத்தியைப் போடுவேன். நாளை மறுநாள் மழை மாதிரி இருக்கு என்று அவள் முனகினால், நான் நாளைக்கே என்று சொல்வேன். கேட்கிற விலையைக் கூட்டிக் கேட்டால்தான் நடு விலைக்குப் படியும். மழைக்கும் அதே முறைதான். இது அவளுக்குப் புரியாது. ‘ஏங்க ஒரு நாள் வெயிலை வீணாக்குறீங்க’ என்பாள். தரகு தெரியாதவளிடம் என்ன பேசுவது.

பார்த்தீர்களா, மறுபடியும் அடிக்கிறது. பொன்னுத்தங்கம். புருஷன் இல்லாதவள், ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மிளகாய் போட்டிருக்கிறாள். மொத்த வெள்ளாமையும் இன்றைக்குக் களத்தில் கிடக்கிறது. அவளுடையது மட்டும் இல்லை, நாற்பது வீட்டு வத்தல். இன்னும் ஒரு மத்தியானம் காய்ந்தால் போதும், நாளைக் காலையில் லாரி.

எடுக்கிறேன், எடுக்கிறேன். அதற்கு முன்னால் என் கஷ்டத்தைக் கேளுங்கள்.

பெயர் வந்தது சார், ஆனால் அதோடு ஒரு கயிறும் வந்தது. மூன்று மாசம் ஊரை விட்டு நகர முடியாது. அய்யலு அண்ணாச்சி எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று ஊரே பார்க்கும். ஒரு தடவை கல்யாண வீட்டுக்குப் போகிறேன், சித்திரை வெயில், கையில் குடை எடுத்தேன். வெயிலுக்கு எடுத்த குடை. நான் பஸ் ஏறி விளாத்திகுளம் போவதற்குள் நாற்பது வீட்டு வத்தலையும் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து குடையைத் தொடுவதில்லை. தும்மினால் ஈரக்காற்றா என்கிறான். எங்கள் மாடிக் கொடியில் கிடக்கிற என் வேட்டியை எடுத்தால்கூட ஊரே வத்தலை எடுக்கிறது. கொடியில் போட்டால் அவர்களும் காயப் போடுகிறார்கள். என் வேட்டிக்கு அவ்வளவு மதிப்பு. சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். ஜெயிலில் இருக்கிறவனுக்காவது விடுதலைத் தேதி தெரியும்.

இருபது நாளைக்கு முந்தி ஒரு பையன் வந்தான், குச்சியில் செல்போன் மாட்டிக்கொண்டு. யூடியூப்பாம். மேகத்தின் மொழி தெரிந்த மனிதர் என்று தலைப்பு வைக்கப் போகிறேன் என்றான். வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றேன். தெருவே கூடிவிட்டது. ‘மேகத்தைக் காட்டிச் சொல்லுங்க அய்யா’ என்றான். கையை உயர்த்தி, அந்தா தெரியுதே அதுதான் மழை மேகம், நாளைக்கு அடிக்கும் என்றேன்.

இவள் மோர் கொண்டு வந்தவள், டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நின்று அண்ணாந்து பார்த்தாள். ‘அது சீப்புல்ல. அதுல ஏது மழை. இன்னும் ரெண்டு நாளைக்கு நல்ல வெயில்தான்’ என்றாள். கேமரா முன்னால், அத்தனை பேர் முன்னால். ஒரு விலை பேசி முடிக்கும்போது பக்கத்தில் நின்று ஒருத்தி, அவ்வளவு பெறாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வந்தது பாருங்கள். ‘ஏய், உனக்கெதுக்கு வானம்? அடுப்புல புகையுது, போய் அந்த மேகத்தைப் பாரு’ என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன் குச்சியை அவள் முகத்துக்குத் திருப்பினான். இதில் நான் என்ன தப்பாகப் பேசிவிட்டேன், சொல்லுங்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் நூறு இருக்கும்.

அவள் மாடிக்குப் போனாள். கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்தாள், அந்தப் பதினோரு மணி வெயிலில். காயப் போட்ட அரிசியை அள்ளினாள். கீழே வந்து மடித்துப் பையில் வைத்தாள். சாத்தூரில் எங்கள் மகள் கௌரி வீடு, பேத்திக்குப் பரீட்சை நேரம், நான் போய்க் கூட இருக்கிறேன் என்றாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

இதில் வேடிக்கை கேளுங்கள். அன்றைக்கே பதினொன்றரை மணிக்கு ஊர்க் களத்தில் அத்தனை பேரும் வத்தலை மூடிவிட்டார்கள். நான் நாளைக்கு மழை என்றுதான் சொன்னேன், இந்தக் கூமுட்டைகள் இன்றைக்கே மூடுகிறார்கள். அவ்வளவு நம்பிக்கை என் மேல். மறுநாளும் மழை இல்லை. அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் எனக்குக் கொஞ்சம் சறுக்கல். ஒத்துக்கொள்கிறேன். வெயில் என்று சொன்னேன், சாயங்காலம் தூறிவிட்டது. பொன்னுத்தங்கத்துக்கு ஓரமாகக் காய்ந்தது பாதி வெளுத்துப் போச்சு. சரி என்று மறுபடி மழை என்றேன், ரெண்டு நாள் மூடிப் போட்டார்கள், வெயில் கொளுத்தியது, எல்லாம் தார்ப்பாய்க்குள் புழுங்கியது. மூன்றாம் முறை வாய் வரவில்லை சார். காலையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? ஓரிரு இடங்களில் பெய்யலாம் என்றேன். என் வாயால். தெற்குத்தெருப் பரமன் உடனே திருப்பிக் கேட்டான், ‘எந்த ஓரிரு இடம் அண்ணாச்சி?’ என்று.

அதைவிட என்ன எரிச்சல் என்றால், போன் பண்ணுகிற ஒவ்வொருத்தரும் முதலில் ஒன்று கேட்கிறார்கள். அக்கா ஊரிலிருந்து வந்தாச்சா? டீக்கடையில் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள். அக்கா எப்ப வருவாங்க? பெண்டாட்டி போய்விட்டாள் என்று குத்திக் காட்டுகிறார்களாம். நானா மசிவேன். வருவாள் வருவாள், இப்ப அவளுக்கு என்ன அவசரம் என்பேன். அவர்கள் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இன்றைக்குக் காலையில் ஒன்றும் சொல்லவில்லை. குரூப்பைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டி வந்து, இந்த பஸ் ஏறினேன். கூப்பிடப் போகவில்லை. பேத்தியைப் பார்க்கப் போகிறேன். மடியில் என்ன என்றா கேட்கிறீர்கள்? கயிறு. நைலான் கொடிக்கயிறு. மாடியில் இருக்கிறது இத்துப்போச்சு, புதுசு வேண்டும் என்று நாலு வருஷமாகக் கேட்டாள். ஒவ்வொரு கடையிலும் விலை கேட்பேன், படியாது, வந்துவிடுவேன். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு எதிரில் வாங்கினேன். கேட்ட விலை கொடுத்தேன் சார். கடைக்காரனே ஒரு மாதிரி பார்த்தான்.

சரி, எடுக்கிறேன். இந்தா.

சொல்லு பொன்னுத்தங்கம். பஸ்ல இருக்கேன். ஆமா. தெரியுது, தெரியுது, இங்கயும் மேற்கதான். யாரு, அவளா? அவ இங்க எதுக்கு? நீ விஷயத்தைச் சொல்லு. சரி. அழாதத்தா. அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்.

கேட்டீர்களா? மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறதாம், அங்கே தலைக்கு மேலே சுள்ளென்று வெயில் அடிக்கிறதாம். நாற்பது பேரும் தார்ப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டு களத்தில் நிற்கிறார்கள். போடவா, வேண்டாமா? இது வேறு எங்காவது போய்விடுகிற மேகமாக இருந்து மூடினால், கடைசி வெயில் போச்சு, உள்ளே வெந்துபோகும், லாரிக்காரன் திருப்பி அனுப்புவான். மூடாமல் விட்டு அடித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. பொன்னுத்தங்கம் அழுகிறாள். இப்போதும் கேட்கிறாள், அக்கா பக்கத்தில் இருக்காங்களா என்று.

சார், இப்போது சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. என் கழுத்து நிமிராது. பதினாறு வருஷ மூட்டை. எட்டு வருஷமாகப் பனைமரத்தில் பாதிக்கு மேல் நான் பார்த்ததில்லை. வானம் எனக்குத் தெரியாது. அந்த யூடியூப் பையனிடம் கையை மட்டும்தான் உயர்த்தினேன். கை போன பக்கம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அப்படிப் பார்க்காதீர்கள். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் போனைக் கொடுங்கள். இல்லை, நீங்களே பேசுங்கள். என் நம்பரைப் பார்த்தால் பேத்திதான் எடுக்கிறாள், பாட்டி குளிக்கிறாங்க தாத்தா என்கிறாள். இருபது நாளாகக் குளிக்கிறாள். நம்பர் சொல்கிறேன், போடுங்கள். மணி அடிக்கிறதா? பொம்பளைக் குரலா? கொஞ்சம் கட்டைக் குரல்? அவள்தான். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சரி, சொல்லுங்கள், வேறு வழி இல்லை. சூரங்காட்டுப்பட்டியில் வத்தல் பூராவும் களத்தில் கிடக்கிறது என்று சொல்லுங்கள். அதை முதலில் சொல்லுங்கள்.

என்ன கேட்கிறாள்? மேகத்தின் தலை எப்படி இருக்கிறது என்றா? பூக்கோசு மாதிரி முண்டு முண்டாக இருக்கிறதா, இல்லை பஞ்சைப் பிரித்துவிட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கு என்ன தெரியும், நீங்கள்தான் பார்க்க வேண்டும். தலையை வெளியே நீட்டிப் பாருங்கள். அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சார் ஒன்று பார்க்கிறார், நாற்பது வீட்டுச் சாப்பாடு இது.

கீழே முண்டு முண்டாக, உச்சி மட்டும் பஞ்சாக. தட்டையாகப் பரந்து. சொல்லுங்கள், அப்படியே சொல்லுங்கள். எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்கிறாள்? நம் தலைக்கு மேலேயே வந்துவிட்டதா. கிழக்கே, அப்படியானால் கிழக்கே. அடி எப்படி? ஒரே கோடாக, கருநீலம். அப்புறம்? டீக்கடையா? டீக்கடையை எதற்குக் கேட்கிறாள்? புகை. ஆமாம், கேட்டுப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. புகை எந்தப் பக்கம் போகிறது, மேகத்தைப் பார்த்துப் போகிறதா, மேகத்திலிருந்து நம்மைப் பார்த்து வருகிறதா? பொறுமையாகப் பாருங்கள் சார். இதில் தப்பக் கூடாது.

மேகத்தைப் பார்த்துப் போகிறது. சொல்லிவிட்டீர்களா? என்ன சொன்னாள்?

சும்மா இருக்கிறாளா. இருக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அவள் யோசிக்கும்போது பேசக் கூடாது. காலையில் மாடிப்படியில் அப்படித்தான் ஒரு நிமிஷம் நிற்பாள். நான் டீ ஆறுகிறது என்று சத்தம் போடுவேன்.

கடகப்பெட்டி என்கிறாளா? அவளேதானா? இன்னும் காற்றை உள்ளே இழுக்கிறது, கலையாது. ஊருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். உடனே அள்ளிக் குவித்து மூடச் சொல்லணும், தாழ்ந்த பக்கம் வாய்க்கால் வெட்டிவிடணும். சாயங்காலம் ஐந்து மணிக்கு விட்டுவிடும், விட்டதும் தார்ப்பாயை எடுத்துவிடணும், ராத்திரி மூடி வைக்கக் கூடாது. அப்படியே சொன்னாளா. வேறு?

யார் சொன்னது என்று கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அப்படியா சொன்னாள்.

வைத்துவிட்டாளா.

இருங்கள் சார். இந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு நிமிஷம். விரல் வியர்க்கிறது, வழுக்குகிறது.

அய்யலுச்சாமி பேசுறேன். எல்லாரும் உடனே அள்ளுங்க. ஒரு மணி நேரம் இருக்கு. தாழ்ந்த பக்கம் வாய்க்கா வெட்டிவிடுங்க. அஞ்சு மணிக்கு விட்டுரும், அப்ப தார்ப்பாயை எடுத்துருங்க. இதை நான் சொல்லல. எங்க வீட்டுல. சீனித்தாய் சொல்லுது.

போய்விட்டதா? ரெண்டு டிக் விழுந்துவிட்டதா? முப்பத்தொரு வருஷத்தில் அவள் பெயரை நான் வாய் விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஏய் என்பேன், இந்தா என்பேன். அதற்கே அவள் திரும்பிவிடுவாள், பெயர் எதற்கு.

என் மதிப்பு போச்சு சார். ஆறு வருஷப் பெயர். இனிமேல் ஊருக்குள் எப்படி நடப்பேன். பதில் வருகிறது, பாருங்கள். சிரிப்பார்கள். போட்டுக் காட்டுகிறேன், நீங்களும் கேளுங்கள்.

பொன்னுத்தங்கம்: ‘அக்கா சொல்லிட்டாங்களா? போதும் அண்ணாச்சி, அள்ளுறோம்.’

இது பரமன். ‘அண்ணாச்சி, இதை இருபது நாளைக்கு முந்தியே கேட்டுச் சொல்லியிருக்கலாம்ல. மாடிக் கொடி வெறுமனே கிடந்தா நாங்க எதைப் பாத்துக் காயப்போட? நீங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு, அக்கா துணியைப் பாத்துத்தான் இத்தனை வருஷமும் அள்ளுனோம். சரி சரி, வேலை கிடக்கு.’

அணைத்துவிடுங்கள். வேண்டாம், மற்றது வேண்டாம்.

ஆறு வருஷம் சார். காலையில் ஆறு மணிக்கு எழுந்து தொண்டையைச் செருமி, அடித்துப் பேசினேனே. அத்தனையும் கேட்டுவிட்டு, மாடியைப் பார்த்திருக்கிறான். எனக்கு மாலை போட்டானே, அதற்கு என்ன அர்த்தம்? ஒரு பயல் சொல்லவில்லை. துண்டுக்கு அடியில் ஊரே சேர்ந்து என் விரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. என் வேட்டி என்று நினைத்தேன். அவள் போன அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு மூடினார்களே. துணியை அவள் பையில் வைக்க எடுத்தாள் சார். ஊருக்குப் போக எடுத்தாள். அதைப் பார்த்து மூடினார்கள். அவள் போகப் போகிறாள் என்று நாற்பது வீடு எனக்கு முன்னால் பார்த்திருக்கிறது, நான் வாசலில் நின்று வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கூட்ஸ் இன்னும் நகரவில்லையா? இதற்குள் நடந்தே போயிருக்கலாம். போய் என்ன சொல்வது என்று வேறு இருக்கிறது. கயிற்றைக் கொடுத்துவிட்டு, பேத்தியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லலாம். அவள் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன், ஒன்றும் பிடிபடவில்லை. விலையே தெரியாத சரக்கைப் பேசப் போகிற மாதிரி இருக்கிறது.

சார், ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா?

கேட்டாளா? வைக்கிறதுக்கு முன்னாலா? என்ன?

பக்கத்தில் ஷட்டர் இருந்தால் இறக்கிவிடச் சொல்லுங்கள், அவர் கழுத்தில் ஈரக்காற்றுப் படக் கூடாது. அப்படியா. என் கழுத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லையே. சொல்லாமலே எட்டு வருஷமாக.

ஆமாம், காற்று மாறிவிட்டது. எனக்கே தெரிகிறது. குளிர்ந்து அடிக்கிறது. டீக்கடைப் புகை இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்குமே. முதல் சொட்டு உங்கள் கையில் விழுந்துவிட்டதா? எல்லோரும் ஷட்டரை இறக்குகிறார்கள். இறக்கச் சொல்லி அவள் சொன்னாள், நீங்களும் இறக்கத்தான் வேண்டும். ஆனால் இருங்கள் சார். ஒரே ஒரு நிமிஷம். நனைந்தால் நனையட்டும், இந்தாருங்கள், என் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடவை வெளியே பார்த்துச் சொல்லுங்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிற மாதிரி என்று அவள் சொல்வாளே. இன்னும் சுமந்துகொண்டுதான் நிற்கிறாளா சார், இறக்கி வைத்துவிட்டாளா?